அருகிருந்து ஆராய்ந்த நிர்மல் குமார் போஸ்

போஸ் என்னும் பெயரைக் கேட்டதும் நம்மவர் உள்ளத்தில் முதலில் எழுபவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். அவரை அடுத்து, செடிகொடிகளின் உணர்ச்சியைக் கருவிகொண்டு அளந்த ஜகதீச சந்திர போஸ் நினைவுக்கு வருவார். யான் இங்கே எழுதப் புகுவது அவ்விருவரைப் பற்றியுமன்று. அதே வங்க நாட்டிற் பிறந்து, மானிடவியல் என்னும் துறையிற் பெரும் பெயர் பெற்று, 1972ஆம் ஆண்டில் மறைந்த நிர்மல் குமார் போஸ் என்பாரைப் பற்றியது இக்கட்டுரை. வங்கத்திலும் ஒரிசாவிலும் கற்றோர் யாவரும் நன்கறிந்த இப்பெயர் தமிழ் படிப்போரிடையே போதிய அளவு பரவவில்லை.

மக்கள் இயக்கங்களை நடத்துவோர் ஒரு சாரார். அவற்றை எட்டி நின்று ஆராய்வோர் மற்றொரு சாரார். அரசாங்கப் பதவியிலிருந்து மக்கள்நலத் திட்டங்களை மேற்பார்ப்போர் இன்னொரு சாரார். இம்மூவரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் ஐயக்கண் கொண்டே நோக்குவர். ஆராய்ச்சியாளன் கைகட்டி வேடிக்கை பார்ப்பவன் என்பான் தொண்டன்; தொண்டனுக்கு நடுநிலை ஏது என்பான் ஆராய்ச்சியாளன்; இருவரும் நடைமுறை அறியாதவர் என்பான் உத்தியோகத்தன். இம்மூன்று நிலைகளிலும் நின்று வாழ்ந்து காட்டியவர் நிர்மல் குமார் போஸ். எந்நிலையில் நின்றபோதும் அந்நிலைக்கு ஏற்றவாறு உண்மையை அவர் வளைத்தாரல்லர். அவர் வாழ்க்கையை எழுத யான் துணிந்ததற்கு இதுவே காரணம்.

போஸ் 1901ஆம் ஆண்டு சனவரி மாதம் 22ஆம் திகதி கல்கத்தாவிற் பிறந்தார். கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியிற் புவிச்சரிதவியல் கற்று 1921ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். பாறைகளையும் மண்ணடுக்குகளையும் ஆராயும் கலை அது. மேற்பட்டப் படிப்பிற் புகுந்திருந்த வேளையிலே காந்தியடிகள் தொடங்கிய ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிற்று. அரசாங்கக் கல்விக்கூடங்களை விட்டு வெளியேறுக என்ற அழைப்புக்குச் செவிசாய்த்த மாணாக்கருள் அவரும் ஒருவர். தொடங்கிய படிப்பை இடையிலே விட்டு ஒரிசாவிலுள்ள பூரி நகரை அடைந்தார்.

பூரியிற் கடலும் சகந்நாதர் கோயிலும் மட்டுமே அவரை ஈர்த்தன எனக் கொள்ளலாகாது. யாத்திரிகர் கூட்டமும் கோயிற் பணியாளர் வாழ்க்கையும் சிற்பிகளின் தொழிலும் அவருக்குப் பாடநூல்களாயின. அந்நகரிலே அவரைக் கண்டு, அவர் அறிவின் போக்கை உணர்ந்தவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தை உருவாக்கிய பெருந்தகையாளரான அசுதோஷ் முகர்ஜி. அப்பல்கலைக்கழகத்திற் புதிதாகத் தொடங்கப்பெற்றிருந்த மானிடவியற் பகுதியிற் சேருமாறு அவர் இவ்விளைஞரை ஊக்கினார். போஸ் அவ்வாறே சேர்ந்து, இந்தியாவின் வசந்தவிழாவைப் பற்றி ஆராய்ந்து 1925ஆம் ஆண்டில் முதுமாணிப் பட்டம் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டிலேயே அசுதோஷ் முகர்ஜி காலமாகிவிட்டமையால், தாம் நட்ட மரத்தின் பழத்தைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

போஸ் கற்றது ஏட்டிலிருந்து மட்டுமன்று. ஒரிசாக் கோயில்களின் அமைப்பை ஆராய விரும்பியபோது, புவனப்பிரதீபம் என்னும் சிற்பநூலின் ஏட்டுப்பிரதிகளைத் தேடி எடுத்தார். ஆனால் அவ்வேடுகளில் வரும் கலைச்சொற்கள் பல, அகராதிகளிற் பொருள் காணக் கிடையாதவை. எனவே பரம்பரையாகக் கோயிற்றொழில் செய்துவந்த சிற்பிகளிடம் மாணாக்கராக அமர்ந்து, எந்தச் சொல் கோயிலின் எந்த உறுப்பைக் குறிக்கின்றது எனக் கேட்டறிந்தார். பின்பு கோயில்களை நேரிலே அளந்து நூலோடு ஒப்பிட்டார். இவ்வாறு எழுந்ததே 1932ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரிசாக் கட்டடக்கலை இலக்கணம் பற்றிய அவரது ஆங்கில நூல். ஏட்டை ஓதியவனிடம் மட்டுமன்றி உளிபிடித்த கையினனிடமும் பாடங்கேட்ட இவ்வடக்கம், பழைய நூல்களை வாழ்வாகக் கொண்ட எம்போன்றோர் கருத்திற் கொள்ளத்தக்கது.

இதே முறையை அவர் மனிதர்பாலும் கையாண்டார். ஒரிசாவின் மலைக்காடுகளில் வாழும் சுவாங் என்னும் பழங்குடியினரிடையே சென்று தங்கினார். முற்காலத்தில் இலைகளை ஆடையாகக் கொண்டமையால், இலையுடுப்போர் என அயலவரால் அழைக்கப்பட்ட மக்கள் அவர்கள். காட்டை வெட்டியெரித்து இடம்மாறிப் பயிர்செய்வது அவர்தம் பண்டைத் தொழில். காட்டுச் சட்டங்கள் அதற்குத் தடையாயின. பால் லஹரா என்னும் சிற்றரசில் வாழ்ந்த சுவாங்குகள் மூங்கிற்கூடை முடைந்து அயற்கிராமங்களில் விற்கும் நிலையை அடைந்திருந்ததைப் போஸ் கண்டார். அவர்களுடைய வழிபாட்டைக் கவனித்தபோது, பூசைக்கு முன்னே நீராடுதலும் இலக்குமி முதலிய பெயர்களைச் சொல்லி அழைத்தலும் அதிற் கலந்திருந்தன. மதமாற்றஞ் செய்ய எவரும் அங்கே போகவில்லை. கூடை விற்ற வழியே தெய்வப் பெயர்களும் சென்றடைந்திருந்தன.

இச்சிறு காட்சியிலிருந்து அவர் கண்ட முடிவு பெரிது. இந்து சமூகம் பழங்குடிகளைத் தன்னுள் ஈர்த்துக்கொள்ளும் முறைபற்றி 1941ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1949ஆம் ஆண்டில் வங்கமொழியில் வெளிவந்த இந்து சமூக அமைப்பு என்னும் நூலில் அதனை மேலும் விரித்தார். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு தொழில் உரித்து. அத்தொழிலிற் பிறர் போட்டியிடலாகாது. ஆதலால் மிகத் தாழ்ந்த படியிலிருந்தவனுக்கும் கஞ்சிக்கு வழி உண்டு. தன் தனி வழக்கங்களை ஒவ்வொரு கூட்டமும் காத்துக்கொள்ளலாம். இவ்விரு பாதுகாப்புகளின் பொருட்டே ஏழைக் குடிகள் இழிவைச் சகித்தும் அவ்வமைப்பினுள் அடங்கி நின்றனர் என்பது அவர் கொள்கை. ஆங்கிலேயர் ஆட்சியில் ஆலைப்பொருள் வந்து குலத்தொழில்களை அழித்தபோது சோற்றுக்கிருந்த காப்பு நீங்கியது. இழிவு மட்டும் எஞ்சியது. இதனைச் சாதி அமைப்புக்குச் சார்பான வாதமெனக் கொள்வது பிழை. அவ்வமைப்பு ஏற்றத்தாழ்வின்மேல் எழுந்தது என்பதை அவர் மறைத்தாரல்லர். அது ஏன் நெடுங்காலம் நிலைத்தது என்பதே அவர் எழுப்பிய வினா.

ஆராய்ச்சியில் இவ்வாறு முன்னேறிக்கொண்டிருந்த காலத்திலே 1930ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. இரண்டாம் முறையும் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். பெற்றுவந்த ஆராய்ச்சி உதவிப்பணத்தைத் துறந்து, சாந்திநிகேதனத்துக்கு அயலிலுள்ள போல்பூரிற் கதர்ப் பணியில் ஈடுபட்டதோடு, தீண்டாதாரென ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த சேரியில் இராப்பாடசாலையும் நடத்தினார். 1931ஆம் ஆண்டிற் சிறை புகுந்தார். உப்புச் சட்டத்தை மீறுவதிலுள்ள வீரம் பத்திரிகைகளில் இடம்பெறும். பகலெல்லாம் கூலிவேலை செய்து களைத்தவனுக்கு இரவில் விளக்கொளியில் எழுத்தறிவிப்பதிலுள்ள வீரம் எங்கும் இடம்பெறாது. இரண்டும் ஒரே இயக்கத்தின் இரு கைகள் என்பது காந்தியடிகளின் கொள்கை. அதனைச் செய்து பார்த்தே போஸ் விளங்கிக்கொண்டார்.

காந்தியடிகளோடு அவர் நெருங்கி உரையாடும் வாய்ப்பு 1934ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வார்தாவிற் கிடைத்தது. பணிந்து வணங்கி அருளுரை கேட்டு மீளும் அடியாராக அவர் போகவில்லை, வினாக்களோடு போனார். செல்வர் தம் பொருளை ஏழைகளின் பொருட்டுக் காக்கும் தருமகர்த்தர்களாக வேண்டுமென்கிறீர்கள். அவர்கள் அதற்கு இசையாவிடில் என்செய்வது, அரசே அப்பொருளைக் கைக்கொள்ளலாகாதா என்பதே அவர் வினாக்களின் சாரம். தவிர்க்கவியலாத இடத்தில் அரசுடைமையைத் தாம் ஏற்பதாகக் காந்தியடிகள் கூறினார். ஆனால் அரசின் ஆற்றல் பெருகுவதைத் தாம் அச்சத்தோடு நோக்குவதாகவும், அது சுரண்டலைக் குறைத்து நன்மை செய்வதுபோலத் தோன்றினும் தனிமனிதனின் தன்முயற்சியை அழித்துவிடும் எனவும் விளக்கினார். அடுத்த ஆண்டிலே மாடர்ன் ரிவியூ என்னும் கல்கத்தாச் சஞ்சிகையில் அவ்வுரையாடல் வெளியாயிற்று. ஏழையை உயர்த்துவது அரசின் கையா, அவனுடைய சொந்தக் கையா என்ற இவ்வினா போஸின் வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்தது.

1938ஆம் ஆண்டு முதலாகக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் புவியியல் கற்பித்தார். காந்தியக் கொள்கைகளை ஆராயும் அவரது ஆங்கில நூல் 1940ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1942ஆம் ஆண்டின் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது மீண்டும் சிறைப்பட்டு 1945ஆம் ஆண்டிலே விடுதலை பெற்றார். காந்தியடிகளின் எழுத்துகளிலிருந்து அவர் தொகுத்த நூல் 1948ஆம் ஆண்டில் அகமதாபாத்து நவஜீவன் நிலையத்தாரால் வெளியிடப்பெற்றது. காந்தியக் கருத்துகளைப் பொருள்வாரியாகக் கற்க விரும்பினோர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் தொகுப்பு அது.

இனி, அவருடைய வாழ்க்கையின் மிகக் கடினமான பகுதிக்கு வருகின்றேன். 1946ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே கிழக்கு வங்கத்து நவகாளி மாவட்டத்திற் கொடிய வகுப்புக் கலவரம் மூண்டது. இந்துக்கள் சிறுபான்மையினராயிருந்த அம்மாவட்டத்திலே நிலத்திற் பெரும்பகுதி இந்து நிலவுடைமையாளர் கையிலும், உழுதொழில் பெரும்பாலும் முஸ்லிம் குடியானவர் கையிலும் இருந்தன. கொலையும் கொள்ளையும் கட்டாய மதமாற்றமும் நிகழ்ந்தன. எழுபத்தேழு வயதினரான காந்தியடிகள் நவம்பர் மாதத்தில் அங்கே சென்றார். உடன் வந்த தொண்டரை ஒவ்வொருவராகத் தனித்தனிக் கிராமங்களுக்கு அனுப்பிவிட்டு, ஸ்ரீராமபூர் என்னும் சிற்றூரிலே தங்கினார். அப்போது அவருடனிருக்கத் தெரிந்தெடுக்கப்பட்டோர் இருவரே. சுருக்கெழுத்தாளராகிய பரசுராம் ஒருவர். பல்கலைக்கழகத்தில் விடுமுறை பெற்று வந்த போஸ் மற்றவர்.

போஸின் கடமைகள் பல. கடிதப் போக்குவரத்தைக் கவனித்தல், மாலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அடிகள் ஆற்றும் உரையை வங்கமொழியிற் பெயர்த்தல், அடிகளின் நாளாந்தத் தேவைகளுக்கு உதவுதல் ஆகியன அவற்றுட் சில. இன்னொன்று, அடிகளுக்கு வங்கமொழி கற்பித்தல். ஆசிரியத் தொழிலில் மூப்படைந்த எனக்கு இச்செய்தியைப் படிக்கும்போதெல்லாம் உள்ளம் நெகிழ்வதுண்டு. எரிந்த வீடுகளுக்கு நடுவே, நாடு பிளவுபடும் வேளையிலே, அம்முதியவர் நாள்தோறும் எழுத்துப்பயிற்சி செய்தார். கொலையுண்ட 1948ஆம் ஆண்டு சனவரி 30ஆம் திகதியிலும் அவர் வங்கமொழிப் பயிற்சி செய்யத் தவறவில்லை. யாரிடம் ஆறுதல் சொல்லப் போகின்றோமோ அவர் மொழியைக் கற்றலே முதற்றொண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1947ஆம் ஆண்டு சனவரி 2ஆம் திகதி கால்நடைப் பயணம் தொடங்கியது. ஏழு கிழமைகளில் நாற்பத்தேழு கிராமங்களை அடிகள் செருப்பின்றி நடந்து கண்டார். போஸ் உடனிருந்து யாவற்றையும் குறித்துவைத்தார். அடிகளின் சொல்லால் மக்கள் துணிவு பெற்ற இடங்களைக் குறித்ததுபோலவே, அது பயனளிக்காத இடங்களையும் குறித்தார். தலைவனைத் தெய்வமாக்கும் தொண்டன் தோல்விகளைக் காணான். தலைவனைப் பழிக்க வந்தவன் வெற்றிகளைக் காணான். இரண்டையும் கண்டு எழுதிய கண் போஸுடையது.

இவ்வேளையிலேதான் ஒரு கருத்து வேறுபாடு தோன்றிற்று. அடிகள் தமது பிரமசரிய விரதத்தைச் சோதிக்கும்பொருட்டுத் தம் பராமரிப்பில் இருந்த பெண்களுடன் ஒரே படுக்கையில் உறங்கி வந்தார். இதனைக் குறித்து நெருங்கிய தொண்டரிடையே கலக்கம் உண்டாயிற்று. பரசுராம் விலகிச் சென்றார். போஸ் அடிகளின் தூய்மையை ஐயுற்றாரல்லர். ஆயினும் அச்சோதனையினால் அடிகளுக்கு விளையும் பயன் யாதாயினும், அவரளவு மனத்திண்மை வாய்க்கப்பெறாத பிறருடைய உள்ளத்தை அது புண்படுத்துகின்றது எனத் தாம் கண்டதை மறையாது எடுத்துரைத்தார், கடிதமாகவும் எழுதினார். அடிகள் அதனை ஏற்கவில்லை. அடிகளோடு பீகாருக்கும் சென்ற போஸ், 1947ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 18ஆம் திகதி விடைபெற்றுத் தம் ஆசிரியப் பணிக்கு மீண்டார்.

ஈண்டு நாம் கவனிக்கவேண்டியது அவருடைய கருத்துச் சரியா பிழையா என்பதன்று. உலகம் வணங்கிய ஒருவரின் அருகிலிருந்து, அவருக்கு உகவாத ஒன்றை அவர் முகத்துக்கு நேரே சொல்வதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! அதைச் சொல்லிய பின்னர் பகை கொள்ளாமலிருப்பதற்கு அதனினும் மிக்க பண்பு வேண்டும். அதே ஆண்டு ஓகஸ்டு, செப்டெம்பர் மாதங்களிலே கல்கத்தாவின் கலவரத்தைத் தணிக்க அடிகள் அந்நகரிலே தங்கி உண்ணாநோன்பு இருந்தபோது, போஸ் மீண்டும் அவர் பக்கத்திலே நின்று பணிசெய்தார். அந்நாள்களைப் பற்றி அவர் எழுதிய நூலை நவஜீவன் நிலையத்தார் வெளியிட முன்வரவில்லை. 1953ஆம் ஆண்டில் அவர் தாமே முயன்று கல்கத்தாவில் அதனை வெளியிட்டார். காந்தியடிகளின் இறுதிக் காலத்தை ஆராய்வோர் எவரும் அந்நூலைக் கடந்து செல்ல இயலாது.

சுதந்திரத்துக்குப்பின் அவருடைய பணி வேறு திசையிற் சென்றது. ராஞ்சியிலே சரத் சந்திர ராய் 1921ஆம் ஆண்டில் நிறுவிய மேன் இன் இந்தியா என்னும் மானிடவியற் சஞ்சிகைக்கு 1951ஆம் ஆண்டு முதல் இறக்கும்வரை ஆசிரியராயிருந்தார். 1959ஆம் ஆண்டு தொடக்கம் 1964ஆம் ஆண்டு வரை இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் பணிப்பாளராகக் கடமையாற்றினார். அப்போது நாட்டிலிருந்த 322 மாவட்டங்களுள் 311 மாவட்டங்களில் ஆய்வாளரைக் கிராமங்களுக்கு அனுப்பி, வீட்டின் அமைப்பு, கலப்பை, செக்கு, வண்டி, உலக்கை, உணவு, உடை, செருப்பு முதலிய அன்றாடப் பொருள்களைக் குறித்துவரச் செய்தார். 1961ஆம் ஆண்டில் அதன் பயன் நூலாயிற்று.

மொழிவாரி மாநிலங்களைப் பற்றிய வழக்குகள் சூடுபிடித்திருந்த காலம் அது. கலப்பையின் எல்லையும் செக்கின் எல்லையும் மொழியின் எல்லையோடு ஒத்துவரவில்லை என அவ்வாய்வு காட்டிற்று. கைப்பொருள்களில் வேறுபாடு மிகுதி. சமூக அமைப்பில் அதனினும் குறைவு. உயர்ந்த இலட்சியங்களில் மேலும் குறைவு. இவ்வாறு அகன்ற அடியும் குறுகிய முடியுமுடைய கூம்புபோல் இந்திய ஒற்றுமை அமைந்துள்ளது என்றார். ஒற்றுமையை மேடையிலே முழங்குவோர் பலர். செக்கையும் உலக்கையையும் எண்ணி அதனைக் காட்டியவர் இவரே.

பின்னர்த் தாம் பிறந்த நகரத்தின்பால் நோக்கைத் திருப்பினார். கல்கத்தா மாநகரை வட்டாரம் வட்டாரமாக நடந்து ஆராய்ந்து, எந்தத் தெருவில் எம்மொழியார், எக்குலத்தார், எத்தொழிலார் வாழ்கின்றனர் எனப் படம் வரைவித்தார். 1964ஆம் ஆண்டின் நிலையைக் காட்டும் அவ்வாய்வு 1968ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. பெருநகரம் சாதியையும் ஊர்ப்பற்றையும் தானாகவே கரைத்துவிடும் எனப் பலர் எண்ணியிருந்தனர். போஸ் கண்டதோ வேறு. தொழிற்சாலைகள் போதியன எழுமுன்னரே சனத்தொகை பெருகிய அந்நகரிலே, வேலை தேடுவோன் தன் ஊரானையும் தன் குலத்தானையுமே பற்றி நிற்கவேண்டியவனானான். சங்கங்களும் வாசிகசாலைகளுங்கூட அவ்வழியே பிரிந்து நின்றன. பட்டினிக்கு அஞ்சுபவன் பழைய வேலியைக் கழற்றி எறியான் என்னும் இவ்வுண்மை, சுவாங் கூடைமுடைவோரிடம் அவர் கற்ற பாடத்தின் மறுபக்கம் எனலாம்.

1967ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவரைப் பட்டியற் சாதியினர்க்கும் பட்டியற் பழங்குடியினர்க்குமான ஆணையாளராக நியமித்தது. அரசியல் யாப்பின் 338ஆம் உறுப்புரையால் ஆக்கப்பெற்ற பதவி அது. இம்மக்களுக்கு யாப்பு அளித்த பாதுகாப்புகள் எங்ஙனம் நிறைவேறுகின்றன என ஆராய்ந்து சனாதிபதிக்கு அறிக்கை சமர்ப்பித்தல் அக்காலத்தில் ஆணையாளர் கடமையாயிருந்தது. அவ்வறிக்கை பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டு வந்தது. அவர் பதவியேற்ற அதே ஆண்டிலே, ஆணையாளரின் கண்ணும் காதுமாக நாடெங்கும் இயங்கிய 17 பிராந்திய அலுவலகங்கள் அவர் கையினின்றும் எடுக்கப்பெற்று, ஐந்தாகச் சுருக்கப்பட்டு, புதியதொரு நலத்துறைத் தலைமையகத்தின் கீழ் வைக்கப்பட்டன. திட்டத்தை நடத்துவோரிடமே திட்டத்தைச் சோதிக்கும் ஆள்களும் போய்ச் சேர்ந்தனர். இக்குறையோடு 1970ஆம் ஆண்டு வரை அப்பதவியை அவர் வகித்தார்.

அக்காலத்தில் அவர் வலியுறுத்திய கருத்து எளிதில் எவரும் ஏற்கத்தக்கதன்று. தனிச் சலுகைகள் தேவை. ஆனால் அவை ஊன்றுகோல்போல் ஒருகாலத்துக்கு உரியனவாதல் வேண்டும். அவை நிலைத்துவிட்டால், எந்தப் பிரிவினையை ஒழிக்க வந்தனவோ அப்பிரிவினைக்கே உரமாகிவிடும். சலுகையின் பயன் அக்குலங்களுள் முன்னேறிய சிலரிடமே தங்கிவிடும் இடர் உண்டு. ஆதலால் உழைக்கும் ஏழைகள் யாவரும் ஒன்றுகூடி எழத்தக்க பொருளாதாரத் திட்டங்களே முடிவான மருந்து. இதுவே அவர் எழுத்துகளிற் காணப்படும் நெறி. பழங்குடியினரிடையே எழுந்த தனியியக்கங்களையும் இவ்வாறே, பொருளாதாரத்தில் நசுக்குண்டோரின் குரலாக அவர் நோக்கினார்.

இக்கருத்தை யான் முற்றும் ஒப்புகின்றேனல்லேன். அவர் ஆணையாளராயிருந்த காலத்திலேயே, 1968ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆம் திகதி, தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியிற் கூலியுயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட உழவர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசையுள் எரிக்கப்பட்டு மாண்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களிற் பெரும்பாலார். அந்த நெருப்பு கூலியின்பொருட்டு மூட்டப்பட்டதா, சாதியின்பொருட்டு மூட்டப்பட்டதா எனப் பிரித்தறிதல் அரிது. ஏழைகள் யாவரும் ஒருவரே என்பது உண்மையாயின், அங்கே ஏழை ஒருவன் மற்றோர் ஏழையினும் எளிதில் எரிக்கத்தக்கவனாயினமைக்குக் காரணம் யாது? சாதியிழிவு பொருளாதாரத்தால் மட்டும் தீராது என்றே அம்பேத்கர் இறுதிவரை வாதாடினார். பழங்குடிகளை இந்து சமூகம் ஈர்த்துக்கொண்டது என்னும் கொள்கையையும், அம்மக்களின் சொந்த வரலாற்றை அது மறைக்கின்றது எனப் பிற்கால ஆய்வாளர் பலர் மறுத்துள்ளனர். இதைப் படிக்கும் நம்மவர்க்குத் தத்தம் ஊர் நினைவுக்கு வராமற் போகாது.

எனினும் போஸ் எழுப்பிய வினா இன்னும் உயிரோடு நிற்கின்றது. உதவி பெறுவோன் என்றைக்கு உதவி வேண்டாதவனாவான் என்பதைத் திட்டம் வகுப்போர் முதலிலேயே சிந்தித்தல் வேண்டும். அதனைச் சிந்தியாத திட்டம் மனிதனை இடாப்பிலுள்ள ஓர் இலக்கமாக்கிவிடும். 1934ஆம் ஆண்டில் வார்தாவிலே அரசு கைக்கொள்ளலாகாதா எனக் கேட்டவர் இளைஞரான போஸ். அரசின் கை நீள்வதைக் கண்டு அஞ்சியவர் காந்தியடிகள். முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின் அரசின் ஆசனத்திலே அமர்ந்தபோது, காந்தியடிகளின் அச்சத்தைப் போஸ் தம் சொந்த அனுபவத்தாற் பரிசோதித்தார். அரசு செய்யவேண்டியதை அரசு செய்தே ஆகவேண்டும் என்பதையும் அவர் மறந்தாரல்லர். அரசு கொடுப்பதனால் மட்டும் மனிதன் நிமிர்வதில்லை என்பதையும் மறந்தாரல்லர். இரண்டினையும் ஒருங்கே நினைத்தல் கடினம். ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றதை இகழ்தல் எளிது.

போஸ் விவாகஞ் செய்துகொள்ளவில்லை. 1966ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. புற்றுநோயினால் வருந்தி, 1972ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 15ஆம் திகதி கல்கத்தாவிலே காலமானார். அவருடைய இந்து சமூக அமைப்பு என்னும் நூலைச் சமூகவியலறிஞர் ஆந்திரே பெத்தேல் ஆங்கிலத்திற் பெயர்த்து 1975ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் பின்னரே வங்கம் அறியாதார்க்கு அவருடைய சிந்தனையின் ஆழம் புலனாயிற்று.

அறிவுடையோர் பலர் எட்ட நின்று குறை கூறுவர். அன்புடையோர் பலர் கிட்ட நின்று குறை காணார். கிட்ட நின்றும் குறை கண்டு, கண்ட குறையைச் சொல்லியும் அன்பு குறையாது வாழ்ந்தவர் நிர்மல் குமார் போஸ். சிற்பியிடமும், கூடை முடைவோனிடமும், மகாத்மாவிடமும், அரசாங்கத்திடமும் அவர் நடந்துகொண்ட முறை ஒன்றே. அருகிற் சென்றார், கேட்டார், அளந்தார், கண்டதைச் சொன்னார். மக்களுக்குத் தொண்டுசெய்யப் புகும் நம் இளைஞர் அவருடைய முடிவுகளை ஏற்பினும் மறுப்பினும் ஆகுக. அம்முறையை மட்டும் கைவிடாதிருப்பாராக.